கோடு, குழி, கரித்துண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

2020 ஓகஸ்ட் மாதக் கடைசியில் திகன, ஹாரகம பக்கம் நிலம் ஒருமுறை அதிர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னும் சில தடவை அதிர்ந்தது. எல்லாமே சிறிய அதிர்வுகள். றிக்டர் அளவில் 2 என்ற எண்ணை ஒட்டியவை. ஆனாலும் பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் இருப்பதால் பேச்சு பெரிதாகிவிட்டது. இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து பார்ப்பது வழக்கம். திறந்தால், மலைகளுக்கு நடுவே அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேரான பள்ளத்தாக்குகள் தெரியும். "இதுதானே பிளவு?" என்ற கேள்வி உடனே எழும். பிளவு என்றால், பூமியதிர்ச்சியில் இரண்டு பக்க நிலமும் ஒன்றையொன்று உரசி நகரும் உடைவுக்கோடு.

அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் கிடையாது. பதில் மண்ணுக்குள்ளே இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த நேர்கோடுகள். நமது மலைநாட்டுப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமிக்குள் ஆழத்தில் வெந்து, மடிந்து, உருமாறியவை. மடிந்த பாறையில் வெடிப்புகள் ஒரே திசையில் வரிசையாக விழும். மழைநீர் எப்போதும் பலவீனமான இடத்தைத்தான் தேடி அரிக்கும். மகாவலியைப் பாருங்கள். நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று வடக்கே வருகிறது. கண்டியைச் சுற்றிக் கிழக்கே திரும்புகிறது. மினிப்பேயில் மறுபடி வடக்கே திரும்புகிறது. இப்படியான திருப்பங்களில் பாறையின் பழைய வெடிப்புகளுக்கும் மடிப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே நிலம் அண்மையில் அசைந்தது என்று அதற்குப் பொருளில்லை. வெடிப்பு எப்போதோ விழுந்தது, ஆறு அதைக் கண்டுபிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு கோட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இந்தக் கோடு எதை வெட்டுகிறது என்பதே. பழைய பாறையை மட்டும் வெட்டினால் நமக்கு ஒன்றும் தெரியாது. ஆறு கொண்டுவந்து போட்ட கூழாங்கல் திட்டு, மலையடிவாரத்தில் விசிறிபோல் பரந்த மண், பழைய சதுப்பு, இவையெல்லாம் சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள இளம் நிலங்கள். கோடு இவற்றையும் வெட்டிக்கொண்டு போனால் வேலையைத் தொடங்கலாம்.

உண்மையான உடைவு எப்படி இருக்கும்? 2023 பெப்ரவரி 6ஆம் திகதி துருக்கியில் 7.8 அளவிலும், சுமார் ஒன்பது மணித்தியாலம் கழித்து 7.5 அளவிலும் இரண்டு பூமியதிர்ச்சிகள் வந்தன. முதலாவதில் நிலம் 300 கிலோமீற்றருக்கும் மேலான நீளத்துக்குக் கிழிந்தது. வீதி, ரயில் பாதை, வேலி, வயல் வரப்பு என்று குறுக்கே கிடந்த எல்லாமே பல மீற்றர் பக்கவாட்டில் விலகின. ஒரு பிளவின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே உள்ள வேலித்துண்டு உங்கள் வலது கைப்பக்கம் போயிருந்தால் அது வலப்பெயர்ச்சி, இடது கைப்பக்கம் போயிருந்தால் இடப்பெயர்ச்சி. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் விடை ஒன்றுதான்; சந்தேகம் இருந்தால் இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள்.

வேலி சில ஆண்டுகளில் உக்கிப்போகும். ஓடை நிலைத்திருக்கும். கலிபோர்னியாவின் சான் அன்டிரியாஸ் பிளவில் வாலஸ் ஓடை என்று ஒன்று உண்டு. மலையிலிருந்து நேரே இறங்கி வந்து, பிளவில் முட்டியதும் 130 மீற்றர் பக்கவாட்டில் ஓடி, பிறகு மறுபடி நேரே போகிறது. அந்த ஓடை இப்போதைய தடத்தை வெட்டிக்கொண்டது சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன்னர் என்று மண்ணில் கிடைத்த கரித்துண்டுகள் காட்டின. 130 மீற்றரை 3,700ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 35 மில்லிமீற்றர், ஏறக்குறைய நமது நகம் வளரும் வேகம். ஆனால் நிலம் நகம்போல் நாளுக்கு நாள் நகரவில்லை. நூறு, இருநூறு ஆண்டுகள் இறுகிக் கிடந்து, ஒரே நிமிடத்தில் பல மீற்றர் பாய்ந்தது.

அதே இடத்தில் ஒரு பிழையும் நடந்தது. அங்கே கடைசியாகப் பெரிய உடைவு வந்தது 1857இல். சிறிய ஓடைகள் ஒன்பது, ஒன்பதரை மீற்றர் விலகியிருந்ததைப் பார்த்து, அவ்வளவும் அந்த ஒரே பூமியதிர்ச்சியில் நடந்தது என்று நீண்டகாலம் கணக்கு வைத்திருந்தார்கள். பிறகு விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தை அளந்த லைடார் படம் வந்தது. அதுவரை கண்ணுக்குப் படாத மிகச் சிறிய வாய்க்கால்கள் அதில் தெரிந்தன. அவை சுமார் ஐந்து மீற்றர்தான் விலகியிருந்தன. ஒன்பதரை என்பது இரண்டு பூமியதிர்ச்சிகளின் கூட்டுத்தொகை என்று 2010இல் திருத்தினார்கள். விதி எளிது: மிகச் சிறிய விலகல்தான் கடைசி உடைவு. ஆனால் மிகச் சிறியதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நிச்சயமாகச் சொல்வதுதான் கஷ்டம்.

இனிச் செய்மதிப் படங்களைப் பார்ப்போம். நீங்களும் இலவசமாகப் பார்க்கக்கூடியவை பல உண்டு. அமெரிக்காவின் லான்ட்சாற் செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றர், ஐரோப்பாவின் சென்டினல்-2இல் 10 மீற்றர். பிளவு நகரும்போது ஒரு பக்கம் உயர்ந்து உண்டாகும் நிலப்படி ஒரு மீற்றர் உயரமென்றால் இவற்றில் நேரடியாகத் தெரியாது. அதன் நிழலோ, அதன் ஓரமாக ஈரம் தேங்கி வளர்ந்த பச்சையோதான் தெரியும். அரை மீற்றர் அளவுக்குத் தெளிவான வணிகப் படங்கள் உண்டு, காசு கொடுத்து வாங்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்தது பழைய கொரோனா உளவுச் செய்மதிப் படங்கள். 1960க்கும் 1972க்கும் இடையில் அமெரிக்கா எடுத்தவை, 1995இல் இரகசியம் நீக்கப்பட்டவை. நல்லவற்றில் இரண்டு மீற்றர் அளவுள்ள பொருள் தெரியும். புதிய வீதிகளும் கட்டடங்களும் வருவதற்கு முன்னிருந்த நிலத்தை அவை காட்டும் என்பதுதான் அவற்றின் பெறுமதி.

இங்கே ஒரு கண்கட்டு வித்தை உண்டு, பழகியவர்களும் ஏமாறுவார்கள். பெரும்பாலான செய்மதிகள் காலை பத்து, பத்தரை மணியளவில் படம் எடுக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் சூரியன் நமக்குத் தென்கிழக்கே நிற்கும். அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி விழும். நமது கண்ணோ ஒளி மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். விளைவு, பள்ளத்தாக்கு மலைத்தொடராகவும் மலைத்தொடர் பள்ளத்தாக்காகவும் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும். அதேபோல், ஒளி வரும் திசைக்கு இணையாக ஓடும் படிக்கு நிழலே விழாது, ஆகவே கண்ணில் படாது. உயரத் தரவிலிருந்து கணினியில் நிழற்படம் செய்பவர்கள் குறைந்தது நான்கு திசைகளிலிருந்தாவது ஒளியை விழவைத்துப் பார்க்க வேண்டும். ஒரே திசையை வைத்து வரைந்த கோட்டு வரைபடம் சூரியனைப் பற்றித்தான் சொல்லும், நிலத்தைப் பற்றிச் சொல்லாது.

ரேடார் செய்மதியைப் பற்றியும் கேட்பீர்கள். சென்டினல்-1இன் அலைநீளம் ஐந்தரை சென்ரிமீற்றர். பூமியதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைப் பொருத்தினால் வானவில் வளையங்கள் விழும். ஒரு வளையம் என்றால் நிலம் செய்மதியை நோக்கியோ விலகியோ 2.8 சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கிறது. அற்புதமான கருவிதான். ஆனால் பழைய உடைவுக்கு இது உதவாது. "முன்" எடுத்த படம் இருக்காதே. காடும் தேயிலையும் மூடிய சரிவில் இலைகள் அசைவதாலேயே வளையங்கள் குலைந்துவிடும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையென்றால் முன்னைய படமும் பின்னைய படமும் ஒத்தே வராது.

சரி, படத்தில் ஒரு கோடு கிடைத்தது. அது எதுவெல்லாம் இல்லை என்று கழித்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து ரோட்டு, பழைய கானு, கல்லடுக்கு, தோட்ட எல்லை, இவை பெரும்பாலும் சரிவின் சம உயரத்தைத் தழுவி வளையும், அல்லது தொழிலாளர் லயத்தில் போய் முடியும். நிமிர்ந்து நிற்கும் பிளவு மேட்டையும் பள்ளத்தையும் பொருட்படுத்தாமல் நேரே ஏறி இறங்கும். நமக்குப் பழக்கமான மண்சரிவு வடு குதிரை லாடம்போல் வளைந்து, வாய் கீழ்நோக்கித் திறந்திருக்கும். அதற்குக் கீழே மண் மேடும் குழியுமாகக் கிடக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய சரிவை யாரும் மறந்திருக்க மாட்டோம். மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, சரிவுக்கு எதிர்த்திசையில், மேட்டை நோக்கி முகம் காட்டும் படிகளும் உண்டு. பூமியதிர்ச்சிப் பிளவு என்று ஆராய்ச்சியாளர்களே இவற்றிடம் ஏமாந்திருக்கிறார்கள். மலை தன் பாரத்தால் மெல்ல அமர்வதால் வருபவை இவை.

அதற்குப் பிறகுதான் மண்வெட்டி. குழியை எங்கே வெட்டுவது என்பதில்தான் பாதி வெற்றி. பிளவு மிகத் தெளிவாகத் தெரியும் செங்குத்தான இடத்தில் வெட்டத் தோன்றும், அது வீண். அங்கே மண் அரித்துப் போய்க்கொண்டிருக்கும், படிந்திருக்காது. பக்கம் எழுதாத நாட்குறிப்பில் எதைப் படிப்பது? ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டல் படியும் சிறு தாழ்வு, சதுப்பு, விசிறி மண்ணின் அடிவிளிம்பு, இப்படி ஓர் இடத்தில் பிளவு குறுக்கே போக வேண்டும்.

குழி பிளவுக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். நீளம் பதினைந்து முதல் முப்பது மீற்றர், ஆழம் இரண்டு, மூன்று மீற்றர். ஒன்றரை மீற்றருக்குக் கீழே போனால் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது படிபடியாக அகலித்து வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்ரிமீற்றர் தள்ளிக் கொட்ட வேண்டும். இது சம்பிரதாயம் இல்லை. குழிச்சுவர் இடிந்தால் மார்பளவு மண்ணே ஒருவரின் மூச்சை நிறுத்தப் போதும். உக்கிய செம்பாறை மண் காய்ந்திருக்கும்போது கல்மாதிரி நிற்கும், மழையில் நனைந்தால் சொல்லாமல் சரியும். ஆகவே ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தை முதல் பங்குனி வரையும், பதுளைப் பக்கம் கச்சான் வீசும் மாதங்களிலும்தான் இப்படி வெட்ட ஏற்றது.

பேக்கோ இயந்திரம் தோண்டிய சுவரில் ஒன்றும் தெரியாது, பல்லுப் பட்ட வரிகள்தான் தெரியும். சிறுகரண்டியால் மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். கீழிருந்து மேலே சுரண்டினால் சுத்தம் செய்த இடத்தில் மண் விழும். பிறகு ஒரு மீற்றருக்கு ஒரு ஆணி அடித்து, நூல் கட்டி, சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் படம் எடுத்து, பத்துக்கு ஒன்று அல்லது இருபதுக்கு ஒன்று அளவில் கையால் வரைய வேண்டும். கமெரா இருக்க, ஏன் கையால் வரைய வேண்டும்? வரையும்போதுதான் ஒவ்வொரு படையின், அதாவது மண் அடுக்கின், எல்லையையும் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க நேரும். கமெரா எந்த முடிவையும் எடுக்காது.

சுவரில் என்ன தெரியும்? அடியில் சாம்பல் நிறக் களி, அதன்மேல் மஞ்சள் மணல், அதன்மேல் கறுத்த பழைய மேல்மண், அதற்கும் மேலே பழுப்பு வண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்மூலையிலிருந்து சரிவாக ஒரு மெல்லிய கோடு ஏறுகிறது. களியை வெட்டுகிறது, மணலை வெட்டுகிறது, கறுத்த மண்ணையும் வெட்டுகிறது. அதற்கு மேலேயுள்ள பழுப்பு வண்டலில் அந்தக் கோடு இல்லை. வண்டல் உடையாமல் மேலே மூடிக்கிடக்கிறது. அப்படியானால் கறுத்த மண் நிலத்தின் மேற்பரப்பாக இருந்த காலத்தில் உடைவு நடந்தது. பழுப்பு வண்டல் வந்து படிந்தது அதற்குப் பிறகு. உடைந்த படையில் ஒரு கரித்துண்டு, உடையாத படையில் ஒரு கரித்துண்டு. இந்த இரண்டு வயதுகளுக்கும் நடுவில் அந்தப் பூமியதிர்ச்சி அகப்பட்டுக்கொள்கிறது.

படிக்குக் கீழே, இறங்கிய பக்கத்தில், ஆப்பு வடிவத்தில் ஒரு மண்குவியலும் இருக்கலாம். ஒரு மீற்றர் படி உடைந்ததும் அதன் முகம் செங்குத்தாக நிற்காது. முதல் மழையில் கட்டியும் கல்லுமாக இடியும், பிறகு பொடிமண் வழியும். ஆகவே ஆப்பின் அடியில் கரடு, மேலே நைஸ் மண். ஆப்பின் தடிப்பைப் படியின் உயரத்தில் பாதி என்று கொள்வது வழக்கம். 40 சென்ரிமீற்றர் ஆப்பு கிடைத்தால் படி சுமார் 80 சென்ரிமீற்றர் இருந்திருக்கும். ஓர் ஆப்பின் மேல் மண் வளர்ந்து, அதன்மேல் இன்னோர் ஆப்பு இருந்தால் இரண்டு உடைவுகள்.

இவ்வளவு சுத்தமாக எப்போதும் வராது. கறையான், எலி வளை, பன்றி கிளறிய இடம், தேயிலையின் ஆழ்ந்த வேர், எல்லாம் படைகளைக் கலக்கும். வேர் உக்கிய குழாயில் மேல்மண் இறங்கி நின்றால், பார்ப்பதற்குப் பிளவில் மண் நிறைந்த வெடிப்பு மாதிரியே இருக்கும். எதிர்ச்சுவரிலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளவென்றால் இரண்டு சுவரிலும் இருக்கும், வேர்க்குழாய் ஒன்றில்தான் இருக்கும்.

கரித்துண்டு அரிசி அளவு போதும். சுத்தமான இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். கடதாசியிலோ பஞ்சிலோ சுற்றினால் புதிய காபன் ஒட்டிக்கொள்ளும். குழிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. கரியின் வயதைச் சொல்வது அதிலுள்ள காபன்-14 என்ற கதிரியக்கக் காபன். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதையும் காலம், 5,730 ஆண்டு; ஐம்பதாயிரம் ஆண்டுவரை கணக்கிடலாம். கி.பி. 1650க்குப் பிந்தியது என்றால் பல வயதுகள் ஒரே விடையாகக் குழம்பிப்போகும். அதைவிடப் பெரிய தொல்லை பழைய மரம். முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் உள்வைரம் எரிந்து கரியாகி, மலையில் இன்னும் இருநூறு ஆண்டு கிடந்து, பிறகு ஓடையில் உருண்டு வந்து படிந்தால், கரி சொல்லும் வயது படையின் வயதைவிட ஐந்நூறு ஆண்டு கூடுதல். ஆகவே ஒரு படைக்கு ஒரு துண்டு எடுத்து முடிவு சொல்பவரை நம்பக்கூடாது. ஐந்தாறு எடுங்கள், இளையதை முதலில் கவனியுங்கள், புல் விதையோ சுள்ளியோ கிடைத்தால் விடாதீர்கள்.

கரியே இல்லாவிட்டால் மணல் இருக்கிறது. குவார்ட்ஸ் மணல் இருட்டில் புதைந்த நாளிலிருந்து தன்னைச் சுற்றியுள்ள கதிரியக்கத்தைச் சேமித்துக்கொண்டே வரும். ஆய்வுகூடத்தில் ஒளி காட்டினால் அந்தச் சேமிப்பை ஒளிர்ந்து கொட்டும். ஐந்து சென்ரிமீற்றர் அகலமான இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரண்டு முனையையும் அடைத்து எடுக்க வேண்டும். குழாய் நிறையாமல் மணல் உள்ளே ஆடினால், முனையில் வெளிச்சம் பட்ட மணல் நடுவோடு கலந்துவிடும். இன்னொன்று: புதைவதற்கு முன் அந்த மணல் நல்ல வெயில் கண்டிருக்க வேண்டும். ஆற்று மணல் பரவாயில்லை. அடைமழையில் ஒரே இரவில் சரிந்து வந்த மலைமண் வெயிலையே கண்டிருக்காது. அது தன் உண்மையான வயதைவிடப் பல மடங்கு கூட்டிச் சொல்லும்.

உடைவின் நீளம் தெரிந்தால் பூமியதிர்ச்சியின் அளவையும் மதிப்பிடலாம். 20 கிலோமீற்றர் உடைவு என்றால் 6.6 அளவில், 50 என்றால் 7ஐ ஒட்டி, 300 என்றால் 7.9 அளவில். 6க்குக் கீழே போனால் உடைவு பெரும்பாலும் மேற்பரப்பை எட்டாது. திகனவில் வந்த 2 அளவு அதிர்வில் ஆழத்தில் பாறை சில மில்லிமீற்றர் நழுவியிருக்கும். எந்தக் குழியிலும் அதைக் காண முடியாது. அதைப் பதிவு செய்யப் பல்லேகலையிலும் மற்ற இடங்களிலும் புவிச்சரிதவியல் மற்றும் சுரங்கப் பணியகத்தின் அதிர்வுமானிகள் இருக்கின்றன. பெரிய அதிர்ச்சியே மேற்பரப்பை உடைக்காமல் போவதும் உண்டு. 2001 ஜனவரி 26ஆம் திகதி குஜராத்தின் பூஜ் பகுதியை அழித்தது 7.7 அளவு, நிலத்தின் மேல் தெளிவான பிளவுப்படி வரவில்லை. அதே கச்சுப் பகுதியில் 1819இல் வந்த பூமியதிர்ச்சி சதுப்பு வெளியின் குறுக்கே எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் நீளமான மேட்டையே எழுப்பியது. அல்லா பந்த், அதாவது அல்லாவின் அணை, என்று அங்குள்ளவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாக நகர்கிறது; நமது தீவு தட்டு விளிம்பில் இல்லை, உட்பகுதியில் இருக்கிறது. அதனால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். அவுஸ்திரேலியாவின் டெனன்ட் கிறீக்கில் 1988 ஜனவரி 22ஆம் திகதி பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் மூன்று பூமியதிர்ச்சிகள், எல்லாம் 6க்கு மேல். முப்பது கிலோமீற்றருக்கு மேல் நிலம் உடைந்து எரிவாயுக் குழாயை வளைத்தது. பின்னர் வெட்டிய குழிகளில் அதற்கு முன் மிக நெடுங்காலம் அங்கே எதுவும் அசைந்த தடயம் இல்லை. மகாராஷ்டிரத்தின் கில்லாரியும் தட்டின் உட்பகுதிதான், அங்கே 1993 செப்டெம்பர் 30ஆம் திகதி பூமியதிர்ச்சி வந்தது. நமக்கும் 1615 ஏப்ரலில் கொழும்பில் வீடுகள் இடிந்து பலர் இறந்ததாகப் போர்த்துக்கேயர் எழுதிவைத்த குறிப்பு உண்டு. ஆனால் ஈரமான மலைநாட்டில் ஒரு மீற்றர் படி விழுந்தாலும் மழையும், தடித்த செம்மண்ணும், ஒன்றரை நூற்றாண்டுத் தேயிலைப் பயிர்ச்செய்கையும் அதை விட்டுவைக்காது. வடு தெரியவில்லை என்பதை இங்கே சாட்சியாக எடுக்க முடியாது, பாலைவனத்தில் எடுக்கலாம்.

கடைசியாக, நீங்களே நிலத்தில் ஒரு வெடிப்பைக் கண்டால். மழைக்காலத்தில், லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் வளைவாக வெடிப்பு விழுந்திருந்தால் அளக்கப் போகாதீர்கள். அது மண்சரிவின் தொடக்கம். லயத்து ஆட்களை வெளியேற்றிவிட்டு, பிரதேச செயலகத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்துக்கும் அறிவிக்க வேண்டும். சமதரையில், காய்ந்த காலத்தில், நேராக ஒரு வெடிப்பு என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி தூரத்தை மில்லிமீற்றரில் எழுதி வையுங்கள். தீப்பெட்டியை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று குறியுங்கள். களிமண் காய்ந்து வெடித்ததென்றால் அடுத்த மழையோடு அந்தத் தூரம் பழையபடி குறையும்.